பதினோராவது போர்ட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு வரிகூட நான் கட்டிவிட்டது இல்லை. நம்பாதவர்கள் திருப்பூர் அருள்புரம் வந்து, கம்ப்யூட்டர் பூபாலன் கடை எது என்று கேளுங்கள். அன்றைக்கு நான் எழுதிய சர்வீஸ் சிலிப்பின் கார்பன் காப்பி இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மணிக்கு என்ன செய்தேன் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பேய்க்குப் பயப்படுகிற ஆள் கிடையாது. யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், 'போய்ச் சோலியைப் பாருப்பா' என்று விரட்டிவிடுவேன். நெருப்பெரிச்சல் என்கிற ஊர்ப் பக்கம் சுடுகாட்டை ஒட்டிய நிட்டிங் யூனிட்டில் தனியாளாக உட்கார்ந்து கேபிள் போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் ஒரு மயிரும் நடக்கவில்லை.

நடந்தது ராத்திரியிலும் இல்லை. பட்டப்பகலில். 2005ஆம் வருடம், தீபாவளிக்கு முந்தின நாள்.

தீபாவளி வந்தால் திருப்பூர் எப்படி ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். போனஸ் வாங்கிய அன்று ராத்திரியே பாதி ஊர் பஸ் ஏறிவிடும். மதுரை, ராமநாதபுரம், தூத்துக்குடி என்று தெற்கே போகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் கூரைமேல்கூட ஆள் இருக்கும். மறுநாள் டீ குடிக்கக் கடை தேட வேண்டும். எல்லா கம்பெனியிலும் பூஜை போட்டு, ஷட்டருக்குக் குங்குமம் வைத்துப் பூட்டிவிடுவார்கள். எட்டு, பத்து நாள் கழித்து நல்ல நேரம் பார்த்துத்தான் திறப்பார்கள்.

அன்று காலை 11.05க்கு எனக்கு போன் வந்தது. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனி. பெயர் வேண்டாம். அதன் மேனேஜர் சிவசுப்பிரமணியம் பேசினார். அட்டெண்டன்ஸ் சர்வர் நெட்வொர்க்கில் வரவில்லை, கொஞ்சம் அவசரம், வந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார். தீபாவளியும் அதுவுமாக எவனுக்கு அட்டெண்டன்ஸ் வேண்டும் என்று எனக்கு எரிச்சல். வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தேன்.

11.30க்குப் போய்ச் சேர்ந்தேன். கேட் பக்கத்தில் ஒரு பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அழுக்கு வேட்டி, கையில் ஒரு துணிப்பை. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். வாட்ச்மேன் மாரப்பன் என்னை உள்ளே கூட்டிப் போகும்போதே விஷயத்தைச் சொன்னார்.

அந்தப் பெரியவர் பெயர் பாண்டித்துரை. விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமம். அவருடைய மகள் சந்தனம் இந்தக் கம்பெனியில் செக்கிங்கில், துணியில் பழுது பார்க்கிற வேலையில் இருக்கிறாள். பத்தொன்பது வயது. கம்பெனி பூட்டிய அன்று ராத்திரி பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பாண்டித்துரை பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறார். மகள் வரவில்லை. அதோடு இவர் பஸ் ஏறி, விடியக்காலையில் இங்கே வந்துவிட்டார். பெண்கள் தங்கியிருந்த ரூம் பூட்டிக் கிடக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவளுடைய பையும் அங்கே இல்லை. கேட்கலாம் என்றால் அக்கம்பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அந்தப் பொண்ணு கார்டு தேச்சு வெளிய போன டைமைக் காட்டிட்டா, அவரு கெளம்பிருவாருங்க. இல்லீன்னா எம்புள்ளைய உள்ள வச்சிருக்கீங்கன்னு போலீசுக்குப் போயிருவாரு போல இருக்குதுங்க."

அந்தப் பெண் எவனோடாவது போயிருப்பாள் என்பது அவர் நினைப்பு. வாய்விட்டுச் சொல்லவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். அட்டெண்டன்ஸ் சர்வர் என்பது ஆபீஸ் மூலையில் இருக்கும் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும்தான் அதில் வரும். கேட்டில் தேய்க்கிற கார்டின் கணக்கு எல்லாம் அதற்குள் போய் உட்காரும். ரிப்போர்ட்டை மேனேஜருடைய கம்ப்யூட்டரில்தான் பார்க்க முடியும். சாஃப்ட்வேர் எழுதிக்கொடுத்த ஆள் ஊருக்குப் போய்விட்டான். போன் சுவிட்ச் ஆஃப்.

11.42. சர்வரைப் பார்த்தேன். கேபிள் சரி, உள்ளே நெட்வொர்க் கார்டு சரி, லைட் எரிகிறது. மேனேஜர் கம்ப்யூட்டரில் இருந்து சர்வருக்கு 'பிங்' அடித்தேன். பிங் என்றால் வேறு ஒன்றுமில்லை. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைப் பார்த்து 'இருக்கிறாயா?' என்று கேட்பது. இருந்தால் 'இருக்கிறேன்' என்று பதில் வரும்.

பதில் வந்தது. ஆனால் ரிப்போர்ட் திறக்கவில்லை.

சந்தேகம் வந்து, சர்வரின் பின்பக்கம் குனிந்து அதன் கேபிளையே பிடுங்கிப் போட்டேன். மறுபடி பிங் அடித்தேன். மணி 11.50.

பதில் வந்தது.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. இது எங்கள் தொழிலில் அடிக்கடி வரும் கோளாறு. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் கொடுத்திருப்போம், வீட்டுக்கு டோர் நம்பர் மாதிரி. சர்வருக்கு ஐம்பது. எவனோ ஒருத்தன் வேறு கம்ப்யூட்டரிலும் அதே ஐம்பதைப் போட்டுத் தொலைத்திருக்கிறான். தபால் எல்லாம் அந்த வீட்டுக்குப் போகிறது. அந்தத் திருட்டு ஐம்பது எது என்று கண்டுபிடித்து அணைத்துவிட்டால் வேலை முடிந்தது. பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று மேனேஜரிடம் பெரிதாகச் சொன்னேன்.

இதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். லினக்ஸில் பிங் அடிக்கும்போது, பதில் வரும் ஒவ்வொரு தடவையும் 'பீப்' என்று சத்தம் கொடுக்கும்படி செய்யலாம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போய் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். எதைப் பிடுங்கும்போது சத்தம் நிற்கிறதோ, அதுதான் திருடன். திரையைத் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

சர்வருக்குத் தற்காலிகமாக ஐம்பத்தொன்று என்று எண் கொடுத்தேன். கேபிளைத் திரும்ப மாட்டினேன். ஐம்பதைக் கூப்பிடச் சொன்னேன்.

பீப்...

பீப்...

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்தானே, அடுத்த அறைக்குப் போனால் கேட்காது. மேசைமேல் ஒரு மைக் இருந்தது. டெய்லர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட எல்லா கம்பெனியிலும் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு மாடியிலும் அதற்கு ஸ்பீக்கர் உண்டு. அந்த மைக்கை ஆன் செய்து கம்ப்யூட்டர் முன்னால் சாய்த்து வைத்தேன். இப்போது கட்டடம் முழுக்கக் கேட்டது. காலி ஹாலில், நூறு தையல் மெஷின்களுக்கு நடுவே...

பீப்...

பீப்...

11.58 என்று சிலிப்பில் இருக்கிறது.

அப்போதுதான் முதல் கோணலைக் கவனித்தேன். ஒரே கட்டடத்துக்குள் பதில் வர ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இங்கே இரண்டு நொடி. மூன்று நொடி. சில சமயம் வரவே இல்லை. பிறகு திடீரென்று வந்தது. அமெரிக்காவில் இருக்கும் கம்ப்யூட்டர்கூட அதைவிடச் சீக்கிரம் பதில் சொல்லும்.

இரண்டாவது. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் பிறக்கும்போதே ஒரு நம்பர் உண்டு, வண்டிக்கு சேஸிஸ் நம்பர் மாதிரி. எந்தக் கார்டு பதில் சொல்கிறது என்று பார்க்க அந்த நம்பரைக் கேட்டேன். திரையில் வந்தது...

எல்லாம் பூஜ்யம். பன்னிரண்டு பூஜ்யம்.

என் சர்வீஸில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. 'கார்டு அடி வாங்கியிருக்கும், இதெல்லாம் ஒரு விஷயமா' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

12.10. எல்லா கம்ப்யூட்டர் கேபிளும் வந்து சேர்கிற, சுவரில் இருந்த சுவிட்ச் பாக்ஸைத் திறந்தேன். பதினாறு போர்ட், அதாவது கேபிள் செருகுகிற துளை. மற்ற கம்ப்யூட்டர் எல்லாம் அணைந்து கிடக்கிறது. எரிய வேண்டியது இரண்டே லைட். ஒன்று சர்வர், ஒன்று மேனேஜர்.

மூன்று எரிந்தது. பதினோராவது போர்ட்.

அதற்கு நேராக ஸ்கெட்ச் பேனாவில் 'மேல் குடோன்' என்று எழுதி ஒட்டியிருந்தது. மூன்றாவது மாடியில் துணி ரோல் அடுக்கி வைக்கும் குடோன். அங்கே ஒரு கம்ப்யூட்டரை அணைக்காமல் பூட்டிவிட்டார்கள் போல என்று நினைத்தேன். மாரப்பனிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"மேல கரண்டே இல்லீங்களே. பூட்டுன அன்னிக்கே மெயினை எறக்கிட்டம்ங்க."

யூபிஎஸ் இருக்கும் என்றேன். இரண்டு ராத்திரி ஓடுகிற யூபிஎஸ் எந்த ஊரில் இருக்கிறது? எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சொன்னேன்.

இருவரும் மேலே போனோம். குடோன் ஷட்டரில் பெரிய பூட்டு. மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது. சாவி முதலாளியிடம். முதலாளி குடும்பத்தோடு வெளியூரில். சாவி இங்கேயே இருந்தாலும் பூஜை போட்டுப் பூட்டியதை நாள் பார்க்காமல் திறக்க மாட்டார்கள் என்றார் மாரப்பன்.

ஷட்டருக்கு அந்தப் பக்கம், உள்ளே இருந்த ஸ்பீக்கரில் என் பீப் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. துணி ரோல்களுக்கு நடுவே வருவதால் மூக்கடைத்த மாதிரி.

பீப்...

நான் உள்ளங்கையால் ஷட்டரைத் தட்டினேன். சும்மா. யாரும் இருப்பார்கள் என்று நினைத்து இல்லை. எரிச்சலில் தட்டினேன்.

பீப். பீப். பீப். பீப்.

மாரப்பன் என்னைப் பார்த்தார்.

தட்டுவதை நிறுத்தினேன்.

பீப்...

பீப்...

"எலிங்களாட்ட இருக்குது" என்றார் மாரப்பன். எலி எப்படிப் பிங்குக்குப் பதில் சொல்லும் என்று நான் கேட்கவில்லை. எலிதான் என்று நானும் சொன்னேன். இருவரும் படியில் கொஞ்சம் வேகமாகவே இறங்கினோம். வெளியே எங்கோ சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது.

கீழே ஆபீஸில் பாண்டித்துரை நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் குடிக்க உள்ளே வந்திருக்கிறார். கையில் டம்ளர். அதைக் குடிக்காமல் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எல்லா மாடிக்கும் கேக்குமா தம்பி?"

கேட்கும் என்றேன்.

"நான் ஒரே ஒருக்கா கூப்பிட்டுப் பாக்கட்டா?"

மேனேஜர் முகத்தைச் சுளித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, போகட்டும் என்று தலையை ஆட்டினார். நான் மைக்கை அவர் பக்கம் திருப்பினேன். அவருக்கு மைக்கில் பேசிப் பழக்கம் இல்லை. வாயைக் கிட்டே கொண்டுபோய், குழந்தையை எழுப்புகிற மாதிரி மெதுவாகக் கூப்பிட்டார்.

"எம்மா... சந்தனம்..."

12.38.

பீப் பீப் பீப் பீப் பீப் பீப் பீப்.

திரையில் ஒரே கேள்விக்கு ஏழு பதில் வந்து விழுந்தது. கேட்டது ஒன்று. வந்தது ஏழு. வந்த பதிலே திரும்ப வருகிறது என்று கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடையாளம் போட்டுக் காட்டியது.

"அப்பா வந்திருக்கேன்ம்மா..."

பீப் பீப் பீப் பீப் பீப் பீப் பீப் பீப் பீப்...

நிற்கவில்லை. திரை மேலே ஓடியது. வரிகளை எண்ண முடியவில்லை. பாண்டித்துரை பயந்து பின்னால் நகர்ந்தார். தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார் பாவம். "நான் ஒண்ணும் தொடலய்யா" என்றார்.

 நான் பயந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "ஒண்ணுமில்லீங்க, லூப் ஆகுதுங்க, கேபிள் எங்கயோ ஷார்ட்" என்று ஏதோ உளறினேன். சுவிட்ச் பாக்ஸ்கிட்டே போனேன். பதினோராவது போர்ட்டில் லைட் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

ஒரு நிமிடம் நின்றேன்.

இல்லை. சிலிப்பைப் பார்த்தால் ஏழெட்டு நிமிடம் நின்றிருக்கிறேன். என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

12.47. பதினோராவது கேபிளைப் பிடுங்கினேன்.

சத்தம் நின்றது.

கட்டடமே காலியான மாதிரி இருந்தது.

கேபிள் முனை என் விரலில் இருந்தது. அப்போது அது...

இழுத்தது.

மெதுவாக. ஒரு தடவை.

மறுபடி ஒரு தடவை.

கீழே போட்டுவிட்டேன்.

அறுபது மீட்டர் கேபிள். அடிக்கு ஒரு கிளிப் வைத்துச் சுவரில் அறைந்தது. அது எப்படி இழுபடும்? யாரிடமும் சொல்லவில்லை. மேனேஜரைத் திரும்பிப் பார்த்து, "முடிஞ்சுதுங்க" என்றேன்.

சர்வருக்குப் பழையபடி ஐம்பது கொடுத்தேன். மேனேஜர் கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் உடனே திறந்தது. 12.55. அவர் மானிட்டரைப் பாண்டித்துரை பக்கம் திருப்பி, வரியைத் தொட்டுக் காட்டினார். சந்தனம், டோக்கன் 214. உள்ளே வந்தது காலை 8.22. வெளியே போனது ராத்திரி 8.04.

"பாத்துக்குங்க. எட்டு நாலுக்கெல்லாம் உங்க பொண்ணு வெளிய போயிருச்சு. அதுக்கப்புறம் எங்க பொறுப்பு இல்லீங்க."

பாண்டித்துரைக்குப் படிக்கத் தெரியாது போலிருந்தது. திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மிசினு தப்பாச் சொல்லாதுல்லா தம்பி?"

"மெஷின் தப்பாச் சொல்லாதுங்க" என்றேன். நான் சரிசெய்த மெஷின். எனக்கு அதில் ஒரு பெருமை.

அவர் பையை எடுத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் போய்த் தேடுகிறேன் என்றார். அதுவரை கேட்டைவிட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த மனிதர், நான் எடுத்துக்கொடுத்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

கம்பெனியைத் தீபாவளி முடிந்து எட்டாம் நாள் திறந்தார்கள். குடோன் ஷட்டரை ஏற்றியவர்கள் உள்ளே போகாமல் திரும்பி ஓடிவந்தார்களாம்.

சந்தனம் உள்ளே இருந்தாள்.

பிறகு எல்லாம் தெரிந்தது. கடைசி நாள் ஏழே முக்காலுக்கு, மிச்சம் இருந்த ஒரு ரிப் துணி ரோலைக் குடோனில் வைத்துவிட்டு வரச் சூப்பர்வைசர் அனுப்பியிருக்கிறார். தெற்கே போகிற பஸ்ஸுக்கு எல்லோரும் பறந்துகொண்டிருந்த நேரம். சந்தனம் தன் கார்டையும் பையையும் நதியா என்ற கூட்டாளிப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறாள். 'எனக்கும் சேத்துத் தேச்சிரு, பஸ்ல எடம் போட்டு வையி, ஓடியாந்துருதேன்' என்று சொல்லியிருக்கிறாள். இது இங்கே எல்லா கம்பெனியிலும் நடக்கிறதுதான். பிடித்தால் ஒரு வாரச் சம்பளத்தை வெட்டுவார்கள், அவ்வளவுதான். நதியா இரண்டு கார்டையும் தேய்த்தாள். வாட்ச்மேன் கணக்குப் பார்த்தார், எல்லாக் கார்டும் வெளியே போயிருந்தது. மேல் மாடி மெயினை இறக்கிப் பூட்டிவிட்டார்கள்.

நதியா இடம் போட்டுக் காத்திருந்தாள். பஸ் கிளம்பிவிட்டது. சந்தனம் வேறு பஸ்ஸில் வருவாள் என்று நினைத்து, பையை ஊருக்கு எடுத்துப் போய்விட்டாள். அவள் ஊர் வேறு, மதுரை தாண்டி. கம்பெனி திறந்த அன்று இரண்டு பையோடு வந்து கேட்டில் நின்றாளாம்.

குடோனில் ஆள் உயரத்துக்குமேல் அடுக்கிய ரோல் சரிந்து அவள் இடுப்புக்குக் கீழே விழுந்திருந்தது. ஒவ்வொன்றும் இருபது, இருபத்தைந்து கிலோ. சுவருக்கும் ரோலுக்கும் நடுவே கிடந்தாள். கத்தியிருப்பாள். வெடிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இரண்டு நாள் கத்தினால் தொண்டையில் என்ன மிஞ்சும்?

அங்கே கம்ப்யூட்டர் இல்லை. அதற்கு முந்தின மாதமே அதைக் கழற்றிக் கீழே பேக்கிங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். யூபிஎஸ்ஸும் இல்லை. கேபிளின் மறுமுனை மட்டும் சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அது அவள் கைக்குள் இருந்தது. விரலைப் பிரிக்க முடியவில்லை என்றார்கள்.

வெறும் முனை. அதற்கு எப்படி லைட் எரிந்தது? எது பதில் சொன்னது? எனக்குத் தெரிந்த அத்தனை பேரையும் கேட்டுவிட்டேன். கோயமுத்தூர் காலேஜில் பாடம் நடத்துகிறவரைக்கூடக் கேட்டேன். நடக்காத காரியம் என்றார். நான் பார்த்தேன் என்றேன். சிரித்தார்.

எப்போது இறந்தாள் என்று டாக்டரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. முதல் ராத்திரியே போயிருப்பாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் ஆவிதான் என்னிடம் உதவி கேட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பேய் என்றால் விரட்டுகிற நான், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நான் போனபோதே அவள் செத்துப்போய்விட்டாள். நான் பிடுங்கியது ஒரு பேயின் கேபிள். அப்படி நினைத்தால் தூங்க முடிந்தது.

ஒரு மாதம் தூங்கினேன்.

பிறகு இன்ஸ்பெக்டர் ரத்தினசாமி ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார். சிலிப்பை எடுத்து வரச் சொன்னார். பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பெண்ணோட அப்பா மைக்கில் பேசியது எத்தனை தடவை என்றார்.

அன்று ஒரே தடவைதான், தீபாவளிக்கு முந்தின நாள், 12.38 என்றேன். அதற்கு முன்னாலோ பின்னாலோ அவர் அந்த மைக்கைத் தொட்டதில்லை.

 இன்ஸ்பெக்டர் மேசையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே, சந்தனம் பக்கத்தில் கிடந்த, ரோலில் கட்டுகிற அட்டை டேக். எடை எழுதுவதற்காகச் செக்கிங் பெண்கள் பால்பாயிண்ட் பேனா வைத்திருப்பார்கள். டேக்கின் பின்பக்கம் அதில் எழுதியிருந்தது. இருட்டில் எழுதியதால் வரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. முதல் வரிகளில் தண்ணீர், கால், நதியா என்று சில சொற்கள் மட்டும் புரிந்தன. கடைசி வரிகள் தெளிவாக இருந்தன.

'கீழ ஆள் வந்துருக்காக. சத்தம் கேக்குது. ஷட்டரத் தட்டுனாக. அப்பா மைக்ல கூப்பிடுதாக. பதில் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்.'